மலை முகாமில் ஃபில்டர் காபி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூடாரத்தைத் தோளில் சுமந்து, ஊரும் கடையும் இல்லாத மலைப்பாதையில் இரண்டு மூன்று இரவுகள் தங்குகிறவர்களுக்கான பக்கம் இது. உத்தராகண்ட், இமாச்சல் பாதைகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம். வேறு அளவு சொல்லாத இடங்களில் எல்லாம் இரண்டு பேருக்கான அளவு.

வீட்டில் கள்ளிச்சொட்டாக இறங்கும் டிகாக்ஷன், மலையில் மட்டும் ஏன் சப்பென்று இருக்கிறது?

சூடு போதவில்லை. அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது உயரம். கடல்மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், ஏறக்குறைய ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஒரு டிகிரி குறைவாகக் கொதிக்கும். 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் 92, 93 டிகிரி. 3,810 மீட்டர் உயரமுள்ள கேதார்கந்தா உச்சியில் 87. 4,270 மீட்டரில் உள்ள ஹம்ப்டா கணவாயில் 86. காபி நன்றாக இறங்க 90 முதல் 96 டிகிரி வரை வேண்டும். எவ்வளவு நேரம் கொதிக்கவிட்டாலும் அந்த உயரத்துக்கான சூட்டை அது தாண்டாது, கேஸ்தான் தீரும்.

இரண்டாவது காரணம் குளிர்ந்த பாத்திரம். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை, ஆனால் பெரிய நஷ்டம் இங்கேதான். 150 கிராம் எடையுள்ள எவர்சில்வர் ஃபில்டர் காலையில் 5 டிகிரிக் குளிரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 25 கிராம் பொடி. 90 டிகிரித் தண்ணீர் 130 மி.லி. ஊற்றினால், உலோகமும் பொடியும் உறிஞ்சியது போக மிஞ்சும் சூடு சுமார் 75 டிகிரிதான். ஃபில்டரை முன்பே சூடாக்கியிருந்தால் அதுவே 83, 84 டிகிரியில் நிற்கும். உயரத்தை மாற்ற நம்மால் ஆகாது. பாத்திரத்தைச் சூடாக்க ஒரு நிமிடம் போதும்.

எவர்சில்வர் ஃபில்டரையே எடுத்துப்போகலாமா? எப்படிப் போடுவது?

தாராளமாக. இரண்டு பேருக்கான சிறிய ஃபில்டர் போதும். பித்தளை வேண்டாம், கனம். பையில் வைக்கும்போது உள்ளே ஒரு சிறு துணியைத் திணித்து வையுங்கள். ஓட்டையுள்ள அடித்தட்டு நசுங்கினால் அந்தப் பயணம் முழுக்க டிகாக்ஷன் ஒரு பக்கமாகவே இறங்கும்.

1. 300 மி.லி. தண்ணீரைக் கொதிக்கவிடுங்கள். அதில் பாதியைக் காலி ஃபில்டரின் மேல் டப்பாவில் ஊற்றி மூடுங்கள். அது ஓட்டை வழியே கீழே இறங்கும்போது இரண்டு டப்பாவும் சூடாகும். இறங்கிய தண்ணீரைத் திரும்பப் பாத்திரத்தில் கொட்டி, மறுபடி கொதிக்கவையுங்கள்.

2. மேல் டப்பாவின் உட்புறத்தைச் சட்டென்று துடைத்துவிடுங்கள். ஈரத்தில் பொடி விழுந்தால் கட்டிபிடித்து ஓட்டையை அடைக்கும்.

3. 25 கிராம் பொடி போட்டு, டப்பாவைத் தட்டிச் சமன் செய்யுங்கள். அமுக்கும் தட்டை அதன் மேல் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். பலம் கொண்டு அழுத்தாதீர்கள்.

4. கொதிக்கும் தண்ணீரில் 30 மி.லி. மட்டும் ஊற்றுங்கள். அரை நிமிடத்தில் பொடி உப்பி, காற்றை விட்டு அடங்கும். பிறகு மிச்சம் 100 மி.லி.யையும் தட்டின் மேலேயே மெதுவாக ஊற்றுங்கள்.

5. மூடியைப் போட்டு, ஃபில்டர் முழுவதையும் கம்பளித் தொப்பியால் கவிழ்த்து மூடுங்கள். பாறை மீதோ வெறுந்தரையிலோ வைக்காமல், படுக்கைப் பாயின் ஓரத்தில் வையுங்கள். 12 முதல் 15 நிமிடம்.

80 மி.லி. டிகாக்ஷன் கிடைக்கும். மீதி 50 மி.லி. எங்கே என்று தேட வேண்டாம்: பொடி தன் எடையைப்போல இரண்டு மடங்கு தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். ஆளுக்கு 40 மி.லி. டிகாக்ஷன், 90 மி.லி. பால்.

3,500 மீட்டருக்கு மேலே பொடியை 30 கிராமாக்குங்கள், தண்ணீரை 140 ஆக்குங்கள். சூடு குறைந்ததை ஈடுகட்ட அதுவே எளிய வழி. இன்னும் நைசாக அரைத்தால் சாறு கூடும் என்று சிலர் சொல்வார்கள். கணக்குப்படி சரிதான், ஆனால் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும்.

டிகாக்ஷன் இறங்கவே மாட்டேன் என்கிறது. என்ன செய்ய?

பொடி மிக நைஸ், தட்டை அதிகம் அழுத்தியாயிற்று, அல்லது தண்ணீர் ஆறிவிட்டது. மூன்றில் ஒன்று. மலையில் மூன்றாவதற்கே வாய்ப்பு அதிகம், ஏனென்றால் குளிர்ந்த தண்ணீர் கொஞ்சம் கெட்டியாகவே ஓடும். உறைநிலைத் தண்ணீரின் பிசுபிசுப்பு, 90 டிகிரித் தண்ணீரைவிட ஐந்து மடங்குக்கு மேல். மேல் மூடியைத் தூக்கி, கரண்டிக் காம்பால் தட்டை லேசாக உயர்த்திவிடுங்கள். கீழ் டப்பா சுடுநீரில் நிற்கும்படி ஃபில்டரை ஒரு பாத்திரத்தில் இறக்கி வையுங்கள். பெரும்பாலும் இதிலேயே வழிவிடும்.

மாறாக, இரண்டே நிமிடத்தில் மளமளவென்று இறங்கி, நிறம் வெளிறியிருந்தால் பொடி கொரகொரப்பு அல்லது அளவு குறைவு. அந்த டிகாக்ஷனையே சூடாக்கி இன்னொரு முறை பொடி மேல் ஊற்றலாம். சுவை முழுதாக மீளாது, குடிக்கும்படி இருக்கும்.

வீட்டில் செய்வதுபோல ராத்திரியே போட்டுவைக்கலாமா?

உறைபனி இல்லாத இடத்தில் போடலாம். மற்ற இடங்களில், சாப்பாடு முடிந்த சூட்டோடு டிகாக்ஷன் இறக்கி, சுடுநீரால் அலசிய சிறு ஃபிளாஸ்க்கில் ஊற்றி, தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மணம் கொஞ்சம் போகும், உண்மைதான். ஆனால் உச்சிக்கு ஏறும் நாளில் அதிகாலை 2 மணிக்குக் கிளம்பும்போது, விரல் விறைத்த நிலையில் பொடியும் ஃபில்டருமாக உட்கார முடியாது. அன்றைக்கு இதுதான் சரியான வழி.

ஆறிய டிகாக்ஷனை நேரடியாகத் தீயில் வைக்காதீர்கள். ஒரு கொதி வந்தாலே கசப்பும் கருகல் வாசனையும் ஏறிவிடும். டம்ளரோடு சுடுநீரில் வைத்துச் சூடாக்குங்கள், அல்லது பாலைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றுங்கள்.

எந்தப் பொடி? சிக்கரி வேண்டுமா?

மலைக்குச் சிக்கரி கலந்த பொடியையே சொல்வோம். வீட்டில் சுத்தக் காபி குடிப்பவர்களுக்கும்கூட. சிக்கரி வேரில் இருந்து நிறமும் கெட்டித்தன்மையும் குறைந்த சூட்டிலேயே எளிதாக இறங்கிவிடும். பால்பவுடரின் ஒருவித மாவு வாசனையையும் அது அடக்கும். 80க்கு 20 என்ற கலவை போதும். இந்திய விதிப்படி காபி–சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, பொட்டலத்தில் விகிதம் அச்சிட்டிருக்க வேண்டும். வாங்கும்போது அதைப் படியுங்கள். 53க்கு 47 என்றிருக்கும் பொடியில் இனிப்பான கருமைதான் கிடைக்கும், காபி கிடைக்காது.

அரைக்கும் கடையில் சொல்லும்போது, நன்றாக வறுத்த பீபெரியோடு (ஒற்றைப் பருப்பாக விளையும் உருண்டைக் காபிக்கொட்டை) கால் பங்கு ரோபஸ்டா என்ற கசப்புக் கூடிய கொட்டை சேர்க்கச் சொல்லுங்கள். கிளம்புவதற்கு முந்தைய நாள் அரைத்தால் நல்லது. ஒவ்வொரு வேளைக்கும் 25 கிராமாக எடைபோட்டுத் தனித்தனிச் சிறு பைகளில் கட்டிவிடுங்கள். குளிரில் கரண்டிக் கணக்கு எப்போதும் தப்பும். இரண்டு பேர், ஒரு நாளைக்கு இரண்டு வேளை, நான்கு நாள் என்றால் 8 பை, மொத்தம் 200 கிராம்.

மேலே போகப்போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், ஒட்டிய பொட்டலங்கள் எல்லாம் பலூனாக உப்பும். அப்படியே கிழித்தால் பொடி முகத்தில் அடிக்கும். ஊசியால் ஒரு ஓட்டை போட்டுக் காற்றை விட்டபின் பிரியுங்கள்.

பாலுக்கு என்ன வழி?

முழுக்கொழுப்புப் பால்பவுடர். தேநீர், காபிக்கென்று விற்கும் ‘டெய்ரி வொய்ட்னர்’ வேறு பொருள். அவற்றில் பெரும்பாலானவற்றில் சர்க்கரை சேர்ந்திருக்கும். அதை வாங்கினால் சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

180 மி.லி. தண்ணீருக்கு 27 கிராம் பவுடர். பாக்கெட்டில் சொல்லும் அளவைவிடச் சற்றுக் கெட்டி, காபிக்கு அப்படித்தான் வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் நேராகக் கொட்டினால் வெளிப்புறம் வெந்து, உள்ளே மாவாக உருண்டை உருண்டையாகத் திரளும். எவ்வளவு கலக்கினாலும் பிறகு கரையாது. முதலில் இரண்டு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்து, தோசைமாவுப் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு மிச்சத் தண்ணீரைச் சேர்த்துச் சூடாக்குங்கள். ஓரத்தில் குமிழ் கட்டியதும் இறக்கிவிடலாம். இது ஏற்கெனவே காய்ச்சிய பால், பொங்க வேண்டியதில்லை.

இரண்டு டம்ளரில் நான்கைந்து முறை ஆற்றுங்கள். நுரைக்காக மட்டும் சொல்லவில்லை, பவுடர் பால் அப்போதுதான் டிகாக்ஷனோடு ஒன்றாகக் கலக்கும். டபரா தேவையில்லை. அகலமான எவர்சில்வர் டம்ளர் கையுறைக்குள்ளும் நன்றாக நிற்கும்.

200 மி.லி. நீண்டநாள் பால் அட்டைப்பெட்டி ருசியில் பவுடரைவிட மேல். முதல் நாள் காலைக்கு ஒன்றிரண்டு எடுத்துப்போகலாம், அதற்கு மேல் சுமை.

ஃபில்டர் எடுத்துப்போகவில்லை. என்ன செய்யலாம்?

துணி. மலேசியா, சிங்கப்பூர் கோப்பிக் கடைகளில் இன்றைக்கும் நீளத் துணிப்பையில்தான் வடிக்கிறார்கள். நெருக்கமாக நெய்த, சாயம் போடாத பருத்தித் துணி ஒரு முழம் போதும். எடை கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

200 மி.லி. தண்ணீர் நன்றாகக் கொதித்ததும் அடுப்பை அணைத்து, 30 கிராம் பொடியைத் தூவி, ஒரு கலக்குக் கலக்கி மூடுங்கள். 5 நிமிடம். அடுப்பில் வைத்துப் பொடியோடு கொதிக்கவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. பிறகு சுடுநீரில் நனைத்துப் பிழிந்த துணியில் வடியுங்கள். கடைசியில் முறுக்கிப் பிழிய ஆசை வரும், வேண்டாம்; நைஸ் தூளும் கசப்பும் சேர்ந்து வந்துவிடும். துணியைச் சோப்பில் துவைக்கக் கூடாது, வெறும் சுடுநீரில் அலசிக் காயவைக்க வேண்டும்.

துணியும் இல்லாமல், பொடியை அடியில் படியவிட்டுத் தெளிந்ததை ஊற்றிக் குடிக்கும் முறைக்குக் கொரகொரப்பாக அரைத்த பொடி வேண்டும். ஃபில்டர் பொடி லேசில் படியாது, கடைசி மடக்கு வரை பல்லில் நறநறக்கும். கொரகொரப்புப் பொடி இருந்தால் 500 மி.லி.க்கு 30 கிராம் போட்டு, 5 நிமிடம் கழித்து ஒரு கை குளிர்ந்த தண்ணீர் தெளித்து, இன்னும் இரண்டு நிமிடம் பொறுத்து ஊற்றுங்கள். வரக்காப்பிக்கு நன்றாக இருக்கும்.

மோக்கா பாத்திரம், ஏரோபிரஸ், வி60 இவற்றில் எது?

பால் காபிக்காரர்களுக்கு ஃபில்டருக்கு அடுத்து மோக்கா, அதாவது அடியில் கொதிக்கும் தண்ணீரை நீராவி பொடி வழியே மேலே தள்ளும் அடுப்புப் பாத்திரம். டிகாக்ஷனுக்கு நெருங்கிய கெட்டி கிடைக்கும். ஆனால் அதன் அடி குறுகல். சிறிய கேஸ் அடுப்பின் மூன்று கால்களுக்கு நடுவே ஆடும், கவிழும். மேலே கம்பி வலை ஒன்று போட்டு, தீயைச் சிறிதாக வையுங்கள். தண்ணீர் பாதுகாப்பு வால்வுக்குக் கீழேயே நிற்க வேண்டும்.

பாலில்லாமல் குடிப்பவர்களுக்கு ஏரோபிரஸ்தான் எங்கள் தேர்வு. ஆலன் ஆட்லர் என்ற அமெரிக்கப் பொறியாளர் உருவாக்கி 2005இல் விற்பனைக்கு வந்த பிளாஸ்டிக் குழாய் அது. பிளாஸ்டிக் என்பதே இங்கே லாபம்: உலோகம்போல சூட்டைப் பிடுங்காது. 15 கிராம், 200 மி.லி., கீழே இரண்டு நிமிடம் என்றால் உயரத்தில் மூன்று நிமிடம். சக்கை வில்லையாக வெளியே வந்துவிடுவதால் சுத்தம் செய்யத் தண்ணீரே வேண்டாம்.

வி60 போன்ற திறந்த கூம்புகள் காற்றில் சூட்டை இழந்துவிடும். கூடாரத்துக்கு ஏற்றதல்ல.

இன்ஸ்டன்ட் காபி குடிப்பது தப்பா?

இல்லை. மழை, காய்ச்சல், நேரமின்மை, தீர்ந்துபோகும் கேஸ் ஆகிய எல்லாவற்றுக்கும் அது உதவும். ஆளுக்கு இரண்டு வேளைக்கான சிறு பாக்கெட்டுகளை எப்போதும் கூடுதலாக வைத்திருங்கள்.

கேஸ் எவ்வளவு ஆகும்? குளிரில் அடுப்பு ஏன் எரிய மறுக்கிறது?

10 டிகிரியில் இருக்கும் அரை லிட்டர் தண்ணீரை 90க்குக் கொண்டுபோக, பாதிச் சூடு வீணாகிறது என்று வைத்தால் 7, 8 கிராம் கேஸ். காற்றடித்தால் இரட்டிப்பாகும். பனிக்கட்டியை உருக்கிக் காபி போடுவதென்றால், உருக்குவதற்கு மட்டும் ஏறக்குறைய இன்னொரு அதே அளவு. ஒரு வேளைக் காபிக்கு 12 கிராம் என்று கணக்கு வைத்தால் நான்கு நாளுக்குச் சுமார் 100 கிராம்; 230 கிராம் டப்பாவில் மிச்சம்தான் சமையலுக்கு.

எரியாததற்குக் காரணம் பெரும்பாலும் டப்பாவில் இருக்கும் கேஸின் வகை. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் நீளமான டப்பாக்களில் பெரும்பாலும் பியூட்டேன். அது மைனஸ் 0.5 டிகிரிக்குக் கீழே ஆவியாகாது, அதாவது உறைபனிக் காலையில் டப்பா நிறைய இருந்தும் காலிபோல நடந்துகொள்ளும். ஐசோபியூட்டேன் மைனஸ் 12 வரைக்கும், புரொப்பேன் மைனஸ் 42 வரைக்கும் ஆவியாகும். ஆகவே இவை கலந்த, திருகி மாட்டும் டப்பாவையே வாங்குங்கள். இரவில் அதைத் தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். எரியும்போது டப்பா தானாகவே குளிர்ந்துகொண்டே போகும். தீ இறங்கினால் அடியை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்துங்கள். சுடுநீர் கூடாது.

காற்றுத்தடுப்பை மூன்று பக்கம் மட்டும் வையுங்கள். டப்பாவின் தலையிலேயே உட்காரும் அடுப்பை முழுவதும் சுற்றி மூடினால், திரும்பி வரும் வெப்பத்தில் டப்பா வெடிக்கக்கூடும். அடுப்பிலுள்ள பொத்தான் பற்றவைப்பான் உயரத்தில் அடிக்கடி கைவிடும். தீப்பெட்டியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துப்போங்கள்.

கூடாரத்துக்குள் அடுப்பு வைக்கலாமா?

கூடாது. மழை கொட்டினாலும் கூடாது. தீப்பிடிக்கும் அபாயம் கண்ணுக்குத் தெரியும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். வேறு வழியே இல்லையென்றால் வெளித்திரையின் கீழ், இரண்டு பக்கமும் திறந்துவைத்து, முடிந்ததும் அடுப்பை வெளியே எடுத்துவிடுங்கள்.

கேஸ் டப்பாவை ஊரிலிருந்தே கொண்டுபோகலாமா?

விமானத்தில் கைப்பையிலும் முடியாது, பெட்டியிலும் முடியாது. ரயிலிலும் தடை. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நிறுத்தி வைத்திருந்த சுற்றுலாப் பெட்டியில், சட்டத்துக்குப் புறம்பாகக் கொண்டுவந்த சிலிண்டரில் காலையில் காபி போட முயன்றபோது தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். இதைப் படிக்கும் யாரும் ‘சின்ன டப்பாதானே’ என்று நினைக்க வேண்டாம். டேராடூன், மணாலி போல நடை தொடங்கும் ஊர்களில் வாங்குங்கள். மிச்சமிருப்பதை அங்கேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.

விறகு மூட்டிக் காபி போட்டால் என்ன?

தமிழ்நாட்டுக் காப்புக்காடுகளில் தீ மூட்டுவது குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறியவர்கள் 20 பேருக்கு மேல் இறந்ததை மறக்க முடியாது. வனத்துறை அனுமதியோடு செல்லும் நடைப்பாதைகளில் ஃபிளாஸ்க்கில் டிகாக்ஷனும் பாலும் கலந்து எடுத்துப்போவதுதான் முறை. உத்தராகண்டின் புக்யால் என்னும் மேய்ச்சல்வெளிகளில் இரவு தங்கவே 2018இல் உயர்நீதிமன்றம் தடை விதித்தது. முகாம் எங்கே என்பதை வழிகாட்டியிடம் முன்பே கேளுங்கள்.

ஓடைத் தண்ணீரில் காபி போடலாமா?

போடலாம், காய்ச்சியபின். 2,000 மீட்டருக்கு மேல் 3 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். பனியாற்றுத் தண்ணீரில் பாறைத்தூள் கலங்கியிருக்கும். ராத்திரியே பிடித்துத் தெளியவைத்து, மேலாக மொள்ளுங்கள். குளோரின் மாத்திரை போட்ட தண்ணீர் என்றால், மாத்திரைக்குச் சொன்ன நேரம் கழிந்ததும் மூடாமல் கொதிக்கவிட்டால் வாடை பெருமளவு போய்விடும். பனி உருகிய தண்ணீரில் தாது உப்புகள் மிகக் குறைவு, காபி தட்டையாக இருக்கும். பொடியைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

உயரத்தில் காபி குடித்தால் தலைவலி வருமா?

தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால்தான் வரும். அந்தத் தலைவலியை உயரநோய் என்று குழப்பிக்கொள்ள இடமுண்டு. ஆகவே வழக்கமான அளவைத் தொடருங்கள், கூட்டவும் வேண்டாம். மாலை 3 மணிக்கு மேல் தவிர்ப்பது நல்லது, உயரத்தில் தூக்கம் ஏற்கெனவே சரியாக வராது. தலைவலியோடு குமட்டல், தள்ளாட்டம், மூச்சு முட்டல் சேர்ந்தால் அது காபி விஷயமே இல்லை. உடனே வழிகாட்டியிடம் சொல்லிக் கீழே இறங்க வேண்டும்.

சக்கையை எங்கே போடுவது?

பையில் போட்டுத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். ‘மண்ணுக்கு உரம்தானே’ என்பது தோட்டத்துக்குப் பொருந்தும். குளிர்ந்த மலையில் எதுவும் எளிதில் மக்காது, அடுத்து வருபவர் கூடாரத்தருகே கறுப்புத் திட்டாகக் கிடக்கும். 25 கிராம் பொடி, ஈரத்தோடு 75 கிராம் ஆகிவிடும். ஆகவே முதலில் துணியில் பரப்பி வெயிலில் உலர்த்திவிட்டுக் கட்டுங்கள். ஃபில்டரைக் கழுவிய தண்ணீரை ஓடையிலிருந்து 70 தப்படியாவது தள்ளிக் கொட்டுங்கள். பால்பவுடரையும் சர்க்கரையையும் இரவில் வெளியே விடாதீர்கள், முகாமைச் சுற்றும் நாய்களுக்கும் கரடிகளுக்கும் அந்த வாசனை நன்றாகவே தெரியும்.